அடைப்புக்குறிக்குள் ஓர் இடம்

என் மனைவியின் வாழ்க்கையில் வேறு ஆண்கள் இருப்பது, அவளுடைய ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. ஒருவர் இருவர் அல்ல, அறுபது எழுபது பேர். அகர வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவர் புத்தகம் வெளியான ஆண்டு. என் பெயர் மட்டும் இல்லை. தாலி கட்டியவன் பெயருக்குத் துணைநூல் பட்டியலில் இடமில்லை என்பதை நான் அன்றைக்குப் பெருந்தன்மையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மை ஒரு வாரம் தாங்கியது.

என் கடை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே. நகல் எடுப்பது, அச்சடிப்பது, ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுக் கட்டிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. அடுத்தவர் எழுதியதை நாள் முழுக்க நகலெடுக்கிறவன் நான். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் நியாயம் பேசும்போது சிரிக்க வசதியாக இருக்கும்.

மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறாள். மாலை வகுப்பில் சமூகவியல் படிக்கிறாள். காத்திருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் ஆய்வு. பகலெல்லாம் அவர்களை உட்காரவைத்துவிட்டு மாலையில் அவர்களைப் பற்றி எழுதுவாள். எதை எழுதினாலும் யார் சொன்னது, எங்கே சொன்னது என்று ஆதாரம் காட்ட வேண்டும் என்று வழிகாட்டி மேடம் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து எங்கள் வீடு கோர்ட் ஆகிவிட்டது.

"சாயங்காலம் மழை வரும் போலிருக்கு" என்பேன்.

"எதை வச்சு சொல்றீங்க?"

"வானத்தைப் பார்த்துத்தான்."

"அப்ப அது நேரடிக் கவனிப்பு. சரி, குடை எடுத்துக்கறேன்."

இன்னொரு நாள், "உங்கம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம்" என்றேன். "அம்மாவே சொன்னாங்களா, அப்பா சொன்னாரா? அப்பா சொல்லியிருந்தா அது இரண்டாம்நிலை ஆதாரம், நம்ப முடியாது" என்றாள். மாமனாரைப் பற்றி இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்திருந்தும் சொல்ல வார்த்தை கிடைக்காமல் இருந்தது. கல்வி நல்லதுதான் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

பட்டியலில் இருந்தவர்களைக்கூட சகித்துக்கொண்டேன். பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள். சகிக்க முடியாமல் போனது அவளோடு படிக்கும் தாடிக்காரனைத்தான். எனக்குப் பத்து வயது இளையவன். கதவைத் திறக்கிற தோரணையில் பேசுவான், மெதுவாக, அகலமாக. என்னை அண்ணா என்பான். அவளை தோழி என்பான். தோழியாம். என் வாழ்நாளில் அவளை நான் அதிகபட்சமாகக் கூப்பிட்டது 'இந்தா' என்றுதான்.

அவன் ஒருநாள் கடைக்கு வந்து, துறை இதழில் வந்த தன் கட்டுரையை முப்பது பிரதி போடச் சொன்னான். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க முதல் பிரதியை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. பின்னால் எத்தனை பேர் என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.'

எனக்குக் காது சுட்டது. அது நான் சொன்னது! பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கை நிறைய சோப்பு நுரையோடு சொன்னது. மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதும் நிமிர்ந்து, "ஐயோ, பிரமாதம்ங்க!" என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் சம்பாதித்த ஒரே பிரமாதம். இப்போது அது தாடிக்காரன் பெயரில் முப்பது பிரதி, அதுவும் என் மெஷினில், என் மையில்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால், சொன்னவர் பெயரைப் போடுகிற அடைப்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தேன். முற்றுப்புள்ளிதான் இருந்தது. அதைவிட ஒருவனை அவமானப்படுத்த என்ன இருக்கிறது?

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "நான் சொன்னது எப்படி அவன் வாய்க்குப் போச்சு?"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. "கேன்டீன்ல பேசிட்டிருந்தப்ப நான்தான் சொன்னேன்" என்றாள்.

"என் பேரைச் சொல்லிச் சொன்னியா?"

"'வீட்ல சொல்வாங்க'ன்னு சொன்னேன்."

"வீட்லன்னா? வீட்டுக்காரரா, வீட்டு ஓனரா?"

"நீங்க வேற, எரியற நேரத்துல..." என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

கல்லூரியில் ஆய்வேட்டை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். ஏற்கெனவே அச்சில் வந்த எதோடாவது ஒத்துப்போனால் சிவப்பில் காட்டும். திருட்டுச் சோதனை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தில் முதல் வரியே சிவப்பு, நான் சொன்ன அதே வரி. அந்த அத்தியாயமே அந்த வரியின் மேல்தான் நின்றது. ஒத்துப்போகும் மூலம் என்று தாடிக்காரன் பெயரும் இதழின் பெயரும் போட்டிருந்தது.

"மேடம் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவர்கிட்டேர்ந்து எடுத்துட்டு ஏன் பேர் போடலைன்னு." அவள் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும். ஆதாரம் சரியா காட்டலைன்னா இந்த வருஷம் அவ்வளவுதான். அவர் பேரைப் போட்டுட்டா பிரச்சினையே இல்ல."

"போட்டுட்டா? என் வரிக்கு அவன் பேரா? அதுக்கு நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவாமலே இருந்திருப்பேனே!"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "நான் உயிரோடதானே இருக்கேன்? என் பேரைப் போடு."

"போடலாம். நேர்ல பேசினதுக்கும் ஆதாரம் காட்ட வழி இருக்கு. அடைப்புக்குறிக்குள்ள உங்க பேர், நேர்ப்பேச்சுன்னு ஒரு வார்த்தை, தேதி."

"கடைசிப் பட்டியல்ல?"

"அதுல வராது."

"ஏன் வராது? அகர வரிசைப்படி நான் அவனுக்கு மேலதான் வருவேன்!"

"பட்டியல் எதுக்குன்னா, படிக்கிறவங்க அந்தப் புத்தகத்தைத் தேடிப் போய்ப் பார்க்கணும். பேச்சை எங்க போய்த் தேடுவாங்க? உங்களை எங்க தேடுவாங்க?"

"கடைக்கு வரட்டும்! காலையில ஒன்பது மணிலேர்ந்து திறந்துதானே வச்சிருக்கேன்!"

மறுநாள் தாடிக்காரன் மிச்சப் பிரதிகளை வாங்க வந்தான். இரவெல்லாம் நான் தயாரித்து வைத்திருந்த வசனங்கள் ஆறேழு பக்கம் தேறும். முதல் வரியை எடுத்துவிட்டேன். "தம்பி, ரெண்டாம் பக்கத்துல வரிசையைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அது எங்க கிடைச்சது?"

"அதுவா அண்ணா? தோழி ஒருநாள் சொன்னாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பொது விஷயம்னு நினைச்சேன். சூரியன் கிழக்கே உதிக்கும்ங்கறதுக்கு யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரி. அவ்வளவு சரியா இருந்துச்சு."

"அது நான் சொன்னது."

அவன் முகம் விழுந்தது. நடிப்பாக இருக்கும் என்று உற்றுப் பார்த்தேன். பாவி, நிஜமாகவே விழுந்திருந்தது. "அண்ணா, மன்னிச்சிடுங்க. தோழிக்கு இதனால ஏதாவது..." சிவப்பு விஷயத்தைச் சொன்னேன். உடனே கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து மேடத்துக்கு போனில் எழுதினான், அந்தக் கருத்து தோழியிடமிருந்து தான் கேட்டது, தவறு தன்னுடையது, அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்வதாக. எழுதியதை என்னிடம் படித்தும் காட்டினான். எழுத்துப் பிழைகூட இல்லை.

நல்லவன் மேல் பொறாமைப்படுவதைப் போல் சிரமமான வேலை வேறு கிடையாது. பிடிமானமே இல்லை. கடைசியில் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தொலைத்தேன்.

அன்று மாலை அவள் என் பெயரைத் தட்டச்சு செய்தாள். எங்கள் திருமணப் பதிவுப் பத்திரத்துக்குப் பிறகு அவள் என் முழுப் பெயரை எழுதி நான் பார்ப்பது அதுதான். முதலெழுத்து, புள்ளி, பெயர், நேர்ப்பேச்சு, தேதி. இரண்டு பக்கமும் வளைந்த கோடுகள், தோளில் கை போட்டதுபோல. பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, வளைவுக்குள் இருக்கிறேன். மேடமும் சரி என்றுவிட்டார். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று முறை வந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் கூட்டம். சமர்ப்பிக்கிற கடைசி நாள், வாசல் வரைக்கும் வரிசை. மனைவி ஆஸ்பத்திரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுடைய ஆய்வேடுதான் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வரிசையைப் பார்த்தேன். ஒரு பெண் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவனும் பார்த்தான். வாக்கியம் தானாக என் காதில் ஒலித்தது.

ஆனால் ஒலித்தது என் குரலில் அல்ல.

பதிவு அலுவலகம். பச்சை பெயின்ட் அடித்த நீளமான வராந்தா. கல்யாணத்தைப் பதிவு செய்ய அன்றைக்கு நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். நான் முன்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "பாருங்களேன், ஒருத்தரும் முன்னாடி பார்க்கல. எல்லாரும் பின்னாடி எத்தனை ஜோடின்னுதான் பார்க்கறாங்க" என்றாள். சிரித்தேன், கதவை மறந்துவிட்டேன். சொன்னது யார் என்பதை மறந்துவிட்டு, சொன்னதை மட்டும் இத்தனை காலமாக என் சொத்துபோல வைத்திருந்திருக்கிறேன்.

மெஷின் மூன்றாம் அத்தியாயத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

"என்னங்க ஆச்சு?" என்றாள்.

"என்ன அண்ணே?" என்றது வரிசை.

"பேப்பர் சிக்கிக்கிச்சு" என்றேன்.

சிக்கியது நான்தான். பேசாமல் ஓடவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கே நினைவில்லை. மேடம் சரி சொல்லிவிட்டார், தாடிக்காரன் மன்னிப்பும் கேட்டுவிட்டான். என் பெயர் தடித்த அட்டைக்குள் நூலகத்தில் நூறு வருஷம் இருக்கும். இரண்டு வளைவுக்கு ஆசைப்பட்டுவிட்டேன், அதில் என்ன தப்பு? ஆனால் அவள் அந்த ஏட்டின் முதல் பக்கத்தில், இதில் உள்ளவை அனைத்தும் முறையாக ஆதாரம் காட்டப்பட்டவை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை அச்சடித்தவனே நான்தான்.

அவளை மெஷினுக்குப் பின்னால் அழைத்துச் சொன்னேன்.

"சும்மா சொல்லாதீங்க" என்றாள்.

"பச்சை வராந்தா. உன் கைல என் போட்டோ கவர். பின்னாடி இருந்த ஜோடிக்குச் சண்டை, நீ அவங்களையே பார்த்துட்டிருந்த."

அவள் கண் மெல்ல விரிந்தது. "ஆமா... அந்தப் பொண்ணு செருப்பைக் கழட்டிட்டு நின்னா." பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் என்கிட்டேர்ந்தே திருடிட்டேன்னுதான் அந்த மென்பொருள் சொல்லுதா?"

"என் பேரை எடுத்துடு."

"எடுத்துடட்டுமா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ தெரியாது, நான் தைரியமாக வைத்திருக்கத்தான் முயன்றேன். "மெஷின் பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டரைக் கொஞ்சம் குடுங்க."

மேடத்துக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அடைப்புக்குறியை அழித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்தாள். வரிசை முணுமுணுத்தது. நான் அந்தப் பக்கத்தை அச்சடித்து வெளியே எடுத்தபோது காகிதம் இன்னும் சூடாக இருந்தது. ஏட்டிலேயே பொடி எழுத்து அதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

'இக்கவனிப்பை முதலில் சொன்னது ஆய்வாளர். அதை மறக்காமல் வைத்திருந்து, தேவைப்பட்ட நாளில் திருப்பிக் கொடுத்தவர் அவருடைய கணவர். அச்சில் முதலில் வெளியிட்டவர்...' என்று போய், தாடிக்காரன் பெயர், இதழ், ஆண்டு.

அவன் பட்டியலிலும் இருக்கிறான், முழு முகவரியோடு. நான் அடிக்குறிப்பில், பெயர்கூட இல்லாமல், உறவுமுறையாக நிற்கிறேன். வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. மறுபடி ஒருமுறை படித்தேன். முதலில் அவள். அடுத்து நான். எனக்குப் பின்னால் தாடிக்காரன்.

பின்னால் ஒருவன் நிற்பதை நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பரவாயில்லை, நிம்மதியாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன், வரிசை நகர்ந்தது.