ஏழாம் பத்திக்குப் பதில்

வழக்கு மனுவின் ஆறாம் பத்தி வரைக்கும் பதில் எழுதும் வேலை மளமளவென்று நடந்தது. லிப்ட் மெக்கானிக் தலையாட்ட, வக்கீலம்மா தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். அந்தக் கட்டடத்து லிப்டைப் பராமரிப்பது அவன் பட்டறைதான், சரி. வழக்குப் போட்ட தையல்காரி நாலாவது மாடியில் வேலை பார்த்தவள், அதுவும் சரி. ஏழில் அவன் தலை ஆடவில்லை.

கதவுப் பூட்டு பழுதாகியும் லிப்ட் நிற்காமல் ஓட, பூட்டுக்குக் குறுக்கே ஒரு ஒயர் துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள், அது மெக்கானிக்குக்குத் தெரிந்தே நடந்தது என்றது ஏழு. லிப்ட் பெட்டி கீழே போன பிறகும் கதவு பூட்டாமல் கிடந்திருக்கிறது. தையல்காரி துணி மூட்டையை அணைத்தபடி கதவை இழுத்துக் காலை வைத்தாள். உள்ளே தரை இல்லை. இப்போது இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சியில்லை.

"இத விட்டுட்டு எட்டுக்குப் போங்க மேடம்" என்றான்.

"விட முடியாது. நீங்க பதில் சொல்லாததெல்லாம் ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்."

அவனுக்கு இது புதிது. வாயைத் திறக்காமலே பாதி வாழ்க்கையை ஓட்டியவன். எது கேட்டாலும் ஒரு 'ம்' போதும், கேட்டவர்கள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். உங்க வாயும் லிப்ட் கதவும் ஒண்ணு, பெட்டி வந்தாத்தான் திறக்கும் என்று பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். விபத்துக்கு அப்புறம் அவள் அதைச் சொல்வதில்லை.

தெரியாது என்று போடலாமா என்று கேட்டான். சொந்தப் பட்டறையில் நடந்தது தெரியாது என்றால் நீதிபதி சிரிப்பார் என்றாள் வக்கீலம்மா. மறுப்பதென்றால் முழுசாக மறுக்க வேண்டும். பட்டும் படாமலும் எழுதினால் அது மறுப்பே இல்லை. "ஆனா ஒண்ணு. உங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னா, ஒயரப் போட்டவர் தன் இஷ்டத்துக்குப் போட்டாருன்னு ஆகும்."

போட்டவன் அவன் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. வழக்கில் அவன் இரண்டாவது பிரதிவாதி. ஒருவர்மேல் ஒருவர் பழி போட நேரலாம் என்று அவனை வேறு வக்கீலிடம் அனுப்பியது இதே வக்கீலம்மாதான். அதிலிருந்து பட்டறையில் இருவரும் ஸ்பேனரை நீட்டுவார்கள், வாங்குவார்கள், பேச்சு கிடையாது. இப்போதும் மச்சினன் வெளி வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்று போனில் மச்சினனிடம் தான் சொன்னது மெக்கானிக்குக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. பூட்டு வர்ற வரைக்கும் ஒயரப் போட்டு ஓட்டு. தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. புதுப் பூட்டு வந்தது, பட்டறை அலமாரியில் உட்கார்ந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இவன்தான் தள்ளிப்போட்டான்.

"இன்னிக்குத்தான் கடைசி. கோர்ட்டு கவுண்டர மூடிருவாங்க" என்றாள் வக்கீலம்மா. "கீழ, இதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடறது நான் இல்ல, நீங்க."

மறுத்தால் பட்டறை தப்பலாம், மச்சினன் தலை உருளும். ஒத்துக்கொண்டால் பட்டறை போகும். மறுப்பதற்கான வாக்கியம்கூட மனசுக்குள் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தான்.

"நான்தான் போடச் சொன்னேன். அப்படியே அடிங்க."

வக்கீலம்மா அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடித்தாள். கையெழுத்தானதும் குமாஸ்தா தாள்களை வாங்கிக்கொண்டு கீழே கவுண்டருக்குப் போனான்.

வராந்தாவில் மச்சினன் எழுந்து நின்றான். "அத்தான், ஏழுக்கு என்ன போட்டீங்க?"

சொன்னான். மச்சினன் அவன் கையைப் பிடித்தான்.

"என்னத்தான் இது. அப்படி ஒரு ஒயரே அங்க இல்லன்னு நான் காலையிலயே தாக்கல் பண்ணிட்டேனே. நீங்களும் இல்லம்பீங்கன்னுதான்... ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பண்ணேன்."

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஒரே பட்டறை, ஒரே அலமாரி, பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது இவன் சொன்ன உண்மையே மச்சினனைப் பொய்யனாக்கிவிட்டது.

மாடிப்படியின் கம்பிக்கிடையே கவுண்டர் தெரிந்தது. குமாஸ்தாவுக்கு முன்னால் இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள்.

"ஓடிப்போய் வாங்கிருங்கத்தான். இன்னும் முத்திரை குத்தல."

இவன் கால் ஒரு படி இறங்கியது. அடுத்த படியைத் தொடுமுன் பார்க்காமல் காலை வைத்தவளின் ஞாபகம் வந்தது. அன்று லிப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவன் இவன்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"வேணாம்டா. நீ உன்னோடத மாத்து. மாத்த முடியுமான்னு உன் வக்கீலக் கேளு. நீயா போடல, அத்தான் சொல்லித்தான் போட்டேன்னு எழுது."

"பட்டறை போயிருமே."

"போகும்."

கீழே முத்திரை விழும் சத்தம் கேட்டது. மச்சினன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அக்கா. வழக்கமாக அக்காவுக்குப் பதில் சொல்கிற வேலை அவனுடையதுதான். இன்றைக்கு அவன் போனை அடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"நான்தான்" என்றான். "முழுசாச் சொல்றேன், நடுவுல பேசாம கேளு."