விரிசல்தானே அண்ணா

...அழுக்கு இல்லை, அதுதான் எங்கேயோ உதைக்கிறது. மழைக்கு முன்னால் என் கையாலேயே ஒட்டிய கண்ணாடித் துண்டு, யாரும் தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் வைத்தேன், பக்கத்திலேயே ஜன்னல், தெருவில் நாள் முழுக்க லாரி, மேசை மேல் படிந்திருக்கிற தூசியில் விரலால் பெயர் எழுதலாம், அப்படிப்பட்ட அறையில் இது மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி சுவரில் பளபளக்கிறது. தம்பி மனைவி துடைத்திருப்பாளோ... துடைக்கிறவள் மேசையை விட்டுவிட்டுச் சுவரையா துடைப்பாள்? வாசலில் என்னைப் பார்த்ததுமே அவள் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் கவனிக்காமல் இல்லை. "உட்காருங்க மாமா, டீ போட்டுட்டு வரேன்" என்றாள், நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன், அது சாக்குதான், இருக்கட்டும், ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும் அது சாக்கு என்று? என் மனைவி இங்கே இருந்திருந்தால் "ஆரம்பிச்சுட்டார் சி.ஐ.டி." என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். குடும்பத்தில் எனக்கு அதுதான் பெயர், குழந்தைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன்.

சந்தேகப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் போய்ப் பார்த்து, இதில் ஆள் இருக்கலாமா கூடாதா என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. சுவரில் ஒரு கோடு இருக்கும், அதன் குறுக்கே இப்படி ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பி ஒட்டிவிட்டு வந்துவிடுவேன், சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும், சுவர் நகர்ந்தால் பட்டென்று உடையும், கண்ணாடிக்கு வளையத் தெரியாது, அதனால் பொய் சொல்லவும் தெரியாது. உடையாவிட்டால் விரிசல் என்று எழுதுவேன், பூசிக்கொண்டு குடியிருக்கலாம். உடைந்தால் பிளவு என்று எழுதுவேன், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தைகளையும் எத்தனை பேர் வாசலில் வைத்து என்னிடம் பேரம் பேசியிருக்கிறார்கள், விரிசல்னு போடுங்க சார், விரிசல்னு போடுங்க... ஏதோ நான் பெயர் வைப்பதால்தான் சுவர் விழுகிற மாதிரி. இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர் வாதாடினார், பள்ளிக்கூட வாத்தியார் அவர். ஒன்றில்லை ஐயா. விரிசல் தானாக விழும், வெயில் அடித்தால் விழும், வயசானால் விழும், யாரையும் கேட்காமல் விழும். பிளவு என்று சொல்லிப் பாருங்கள், உடனே யார் பிளந்தது என்று கேட்கத் தோன்றும். விரிசல் சுவருக்குள் இருக்கிறது, பிளவு வந்துவிட்டால் அது ஒரு சுவரே இல்லை, இரண்டு சுவர். பேப்பர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கூட்டணியில் விரிசல் என்று போடுவார்கள், இரண்டு தலைவர்களும் சேர்ந்து சிரித்து அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்பார்கள், கட்சியில் பிளவு என்று போட்டால் ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள், நாங்கள்தான் அசல் என்று இரண்டு பக்கமும் கொடி பிடிப்பார்கள்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருப்பது எது? அப்பா விட்டுப்போன வீடு, நடுவில் இந்தச் சுவர், அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவன், முன்னறையில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற அவனுடைய கடை. சண்டை என்று ஒன்றும் கிடையாது, அதுதான் சந்தேகமே. முன்பெல்லாம் இருட்டினால் போதும், "அண்ணா, சாப்டாச்சா" என்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு என் பேப்பரைக் கலைத்துப் போடுவான். மழை முடிந்ததிலிருந்து வருவதில்லை. நான் கடைப் பக்கம் போனால் பேச்சு பாதியில் நிற்கிறது. போன வாரம் வீட்டுத் தரகர் ஒருத்தர் அவன் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், என்ன விஷயம் என்றால் "படம் மாட்டணுமாம் அண்ணா" என்றான், எந்தப் படம், யார் படம், கையில் ஒன்றையும் காணோமே. தனியாகப் போகப் பார்க்கிறான், அல்லது இவன் பங்கை யாருக்கோ தள்ளிவிடப் பார்க்கிறான், இல்லாவிட்டால் ஒரு தரகருக்கு அந்த ஸ்டூலில் என்ன வேலை. இதை என் மனைவியிடம் சொன்னேன். "அவர் உங்களைப் பார்த்து ஒதுங்குறார்னா, அவர் பக்கம் மட்டும் பார்க்காதீங்க" என்றாள். எப்போதும் அவள் அவன் கட்சிதான்.

கண்ணாடி ஒட்டின அன்றைக்கு எல்லோரும் இதே அறையில்தான் நின்றார்கள். இந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தைகள் கட்டில் கிடந்தது, சின்னது கட்டில் மேல் ஏறி நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. நான் என்ன சொன்னேன்... "உடைஞ்சா பிளவுதான். பிளவுன்னா தம்பி வீடு, என் வீடுன்னெல்லாம் பார்க்க மாட்டேன், எழுதிடுவேன், எல்லாரும் காலி பண்ணணும்." கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். நேர்மையானவன் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறது, அது சொந்தக்காரர்களிடமும் இருக்கட்டுமே என்று. எனக்கென்ன, அலுவலகத்தில் குவார்ட்டர்ஸ் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தம்பி சிரித்தான், "எழுதுங்கண்ணா, தாராளமா எழுதுங்க" என்றான். அந்தச் சிரிப்பு அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு மாதிரி வறண்ட சிரிப்பு, உள்ளே எதையோ வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

தொட்டுப் பார்த்தால் என்ன, என் கண்ணாடிதானே. அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்கிறது, வர நேரம் இருக்கிறது. விளிம்பில் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்தேன்... வழுக்கிக்கொண்டு போகிறது. இல்லையே. இப்படி இருக்காதே. எங்கள் அலுவலகத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள், வெட்டினது வெட்டினபடி வரும், கத்தி மாதிரி இருக்கும், அன்றைக்கு ஒட்டும்போது இதே கட்டைவிரலைக் கீறி ரத்தம் வந்து, தம்பி மனைவிதான் ஓடிப்போய்த் துணி கொண்டு வந்தாள். இதன் நான்கு பக்கமும் கல்லில் தேய்த்திருக்கிறது. யார் வீட்டுச் சுவரிலோ தொங்கப் போகிற படத்தின், சட்டத்துக்குள் மறைந்துபோகிற கண்ணாடிகூட, விளிம்பைத் தேய்க்காமல் தம்பி கையை விட்டுப் போகாது, யாராவது விரலைக் கீறிக்கொள்வார்கள் அண்ணா என்பான். திருட்டு வேலை செய்யும்போதுகூட அவனால் அதை விட முடியவில்லை. நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டினேன், மேல்படலம் உதிர்ந்தது, அடியில் இன்னொரு பிளாஸ்டர், அதற்கும் அடியில் இன்னொன்று, அதில் பாதி புதைந்த ஒரு கண்ணாடிச் சில்லு, அதுவும் விளிம்பு தேய்த்ததுதான். அப்படியானால் என்னுடையது எப்போதோ உடைந்துவிட்டது. அவன் வைத்ததும் உடைந்திருக்கிறது. உடைய உடையப் புதிதாக ஒட்டி வைத்திருக்கிறான். அடப்பாவி, ஊரையெல்லாம் கண்டுபிடிக்கிற என் கண்ணிலேயே மண்ணைத் தூவினாயா... சுவர் நடந்துகொண்டிருக்கிறது, பிளவு, சந்தேகமே இல்லாத பிளவு, அதைத் தெரிந்துகொண்டே பிள்ளைகளை இதன் அடியில் படுக்க வைத்திருக்கிறான், கடை போய்விடுமே என்று, இவனெல்லாம் ஒரு அப்பனா என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

கட்டில் எங்கே? இங்கேதான் கிடந்தது, தரையில் கட்டில் கால் அழுத்தின தடம்கூட இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன், அந்தக் கோடியில், வாசல் கதவை ஒட்டி, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் போட்டிருக்கிறது, குழந்தைகளுடைய போர்வை இரண்டும் மடித்து அதன் மேல். வந்ததும் கண்ணில் பட்டிருக்க வேண்டும், நான்தான் நேரே கண்ணாடியிடம் வந்துவிட்டேன். சரி, பிள்ளைகளை நகர்த்திவிட்டான். அந்தத் தரகர்கூட இவர்களுக்கு வேறு வீடு பார்க்கத்தான் வந்திருப்பாரோ. தம்பி மனைவியின் தலையணையும் அந்தப் பக்கம்தான். அப்படியானால் இங்கே, என் காலடியில், இந்தச் சுவரை ஒட்டிச் சுருட்டி வைத்திருக்கிற பாய் யாருடையது? குனிந்து தலையணையை எடுத்தேன். வார்னிஷ் வாசனை. அவனுடையதுதான். இடம் இல்லாமலா, அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் படுக்கலாம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு, திடீரென்று உள்ளே வருகிற ஒரு சி.ஐ.டி.க்கு, அறையின் இந்தப் பாதியில் ஆளே படுப்பதில்லை என்று தெரிந்துவிடக் கூடாது, அதற்காக. விழும் என்று தெரிந்த சுவருக்கு அடியில் ஒரு மனுஷன் தினமும் பாய் விரித்திருக்கிறான், அதே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சுவரைவிட என்னைப் பார்த்துத்தான் அவனுக்குப் பயம். தலையணையை வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அண்ணா, எப்ப வந்தீங்க?" கடைக் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், கையைத் துணியில் துடைத்தபடி. கீழே உதிர்ந்து கிடக்கிற பிளாஸ்டரைப் பார்த்தான், என் கையில் தலையணையைப் பார்த்தான், அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாத கையை. நான் ஏதாவது கேட்பேன் என்று நிற்கிறான். "விரிசல்தானே அண்ணா?" என்றான். எத்தனையோ வாசலில் கேட்ட குரல், இதே வார்த்தை, ஆனால் அவர்கள் எல்லாம் சார் என்றார்கள்.

தம்பி மனைவி டீயோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பிதான் வந்து என் கையிலிருந்த தலையணையை வாங்கினான், தோளைத் தொட்டு நகர்த்தினான், "அங்க ஏன் நிக்கிறீங்க, வாங்க, இப்படி வாங்க" என்று என்னை நடத்திக்கொண்டுபோய் அந்தக் கோடியில், கதவை ஒட்டிக் கிடக்கிற கட்டிலில், குழந்தைகளுடைய போர்வைகளைத் தள்ளிவிட்டு உட்கார வைத்தான். அவன் போய்ப் பாயின் மேல் உட்கார்ந்துகொண்டான், சுவரில் சாய்ந்து, கண்ணாடி தலைக்கு மேலே. யோசித்துச் செய்கிறானா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, விளிம்பைத் தேய்க்கிற மாதிரி, கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. என்னைப் பார்த்து இத்தனை நாள் நடுங்கினவன் எனக்கும் பிள்ளைகள் படுக்கிற இந்தப் பக்கத்தில்தான் இடம் போட்டிருக்கிறான்... டம்ளர் சுடுகிறது. இந்தப் பக்கம் வந்து உட்காருடா என்று அவனைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அவனுக்கு அது விரிசல், பிளவு இரண்டில் எந்த வார்த்தையாகக் காதில் விழும் என்று தெரியாமல் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.