சீவிப்போட்ட வாசல் பெயர்கள்

திருநள்ளாற்றில் ராஜ்மோகன் கடையில் படத்துக்குச் சட்டம் போடமாட்டார்கள். சட்டத்துக்குத்தான் படம் போடுவார்கள். சனீஸ்வரர் படம் ஒரே அளவில் அச்சாகி வரும். சட்டமும் கண்ணாடியும் அதே அளவில் கட்டுக்கட்டாகத் தயாராய் இருக்கும். எந்தப் படம் வந்தாலும் மிஞ்சுகிற ஓரத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவி எறிவது இருபது வருஷத்துக் கைப்பழக்கம்.

அந்தக் கைதான் காரைக்கால் நஜீபா கொடுத்த நான்கு படங்களையும் சீவிவிட்டது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எவனோ வெள்ளைக்காரன் வரைந்து அச்சடித்த ஜெருசலேம். சுற்றிலும் மதில், படத்துக்கொரு வாசல். நஜீபாவின் வாப்பா ஆபித், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஒரு காலத்தில் அந்த மதிலைச் சுற்றி நடந்தவர். இப்போது படுத்த படுக்கை. நடந்த வரிசையிலேயே கட்டிலுக்கு எதிரே படங்களை மாட்ட வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது. எது எந்த வாசல் என்று ஓரத்தில் அச்சிட்டிருந்த பிரெஞ்சு எழுத்தோ, நான்கு காகிதக் கீற்றாகக் குப்பைக்கூடையில் கிடந்தது.

ராஜ்மோகன் கூடையைக் கவிழ்த்தான். பூச்சி அரித்த ஓட்டையை ஓட்டையோடு சேர்த்துப் பார்த்ததில் இரண்டு கீற்றுக்குப் படம் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும் ஓட்டையே இல்லாமல் அநியாயத்துக்குச் சுத்தம். கைபேசி படித்துச் சொன்னது: ஒன்று யாஃபா வாசல், மற்றது தமாஸ்கஸ் வாசல்.

மனைவி தமிழரசி இன்றைய புகைப்படங்களைத் தேடி எடுத்தாள். "இதுல காரு நிக்குது, உங்க படத்துல ஒட்டகம் நிக்குது. ஒட்டகத்தை விட்டுட்டுப் பாருங்க."

"தமாஸ்கஸ்ன்னா ரெண்டு கோபுரமாம்டி. பாவி, ரெண்டு படத்துலயும் ரெண்டு கோபுரம் வச்சிருக்கான்!"

கீற்றுகளைச் சட்டத்தின் அடியில் ஒட்டினான், பிய்த்தான், மாற்றி ஒட்டினான். கடைசியில் எப்படி ஒட்டினோம் என்பதே குழம்பிப்போன நிலையில் காரைக்காலுக்கு வண்டியை எடுத்தான்.

ஆபித் தலையணையில் சாய்ந்து முதல் படத்தைப் பார்த்தார். "இது தமாஸ்கஸ்ல்ல? யாஃபான்னு போட்டிருக்கு."

அடுத்ததைப் பார்த்தார். "இதுவும் தமாஸ்கஸ் மாதிரிதான் இருக்கு."

ராஜ்மோகன் அடுத்ததை நீட்டினான். மூன்றாவது, பூச்சி ஓட்டை சாட்சி சொன்ன சீயோன் வாசல். அதையும் கிழவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான்காவதைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நஜீபா, நான் அங்க போனேன்தானே?"

"போனீங்க வாப்பா. நீங்கதானே சொல்வீங்க."

"நான் சொன்னதுதான். வேற யாரு பார்த்தா?"

பூச்சி ஓட்டையால் பொருந்திய இரண்டையாவது சரி என்று சொல்லலாம். தன் பிழை பாதியாகக் குறையும். ஆனால் மீதிப் பாதி ஞாபகப் பிசகு என்று கிழவர் தலையில் விழும். ராஜ்மோகன் கிழவரைப் பார்த்துச் சொன்னான்.

"பாய், தப்பு என்மேல. எழுத்தையெல்லாம் சீவிட்டேன். தெரியாம நாலையும் மாத்தி மாத்தி ஒட்டிட்டேன்."

"நாலுமா? அண்ணே, உங்களை நம்பிக் கொடுத்தேனே!" என்றாள் நஜீபா.

"நாலும்தாம்மா."

 ஆபித் திட்டுவார் என்று ராஜ்மோகன் காத்திருந்தான். அவரோ முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார முயன்றார்.

"அந்தச் சீட்டையெல்லாம் பிச்சு எறிங்க தம்பி. ஆணியும் சுத்தியும் இருக்குல்ல? நான் சொல்றேன், நீங்க மாட்டுங்க. மொதல்ல நான் பஸ்ஸை விட்டு எறங்கினது..."

வெள்ளைக்காரன் தப்பா, கிழவர் தப்பா, பூச்சி தப்பா என்று ராஜ்மோகனுக்கு விளங்கவில்லை. அவர் விரல் காட்டிய இடத்தில் முதல் ஆணியை அடித்தான்.