பெயர் கேட்காத ஜன்னல்

அந்த ஜன்னலுக்கு அளவு சொன்னதே அவள்தான். ஒரு கை நுழைய வேண்டும், முகம் தெரியக் கூடாது என்று தச்சரிடம் சொன்னாள். கை மட்டும் வந்து என்னம்மா பண்ணும் என்று அவர் கேட்டார். அவள் விளக்கினாள். அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அறுத்துக் கொடுத்தார், நன்றாகவே அறுத்துக் கொடுத்தார்.

நகராட்சி ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பழைய எக்ஸ்ரே அறையின் ஜன்னல் அது. போதைப்பொருளைக் கொஞ்சமாகக் கையில் வைத்திருப்பது இனிமேல் குற்றமில்லை, விற்பது மட்டும் குற்றம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. தின்னலாம், ஆனால் வாங்க இடமில்லை. இது என்ன சட்டமோ என்று ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆறு மாத வெள்ளோட்டமாக இந்த ஜன்னலைத் திறந்தார்கள். எவனோ விற்ற மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று, விழுங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கு.

வருகிறவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டில் நான்கு கட்டங்கள் இருக்கும்: தூக்கத்தை விரட்ட, கொண்டாட்டத்துக்கு, வலிக்கு, தெரியாது. கையெழுத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு டிக் போட்டால் போதும். டோக்கனைக் கிழித்து ஒரு பாதியை அவர் கையில் கொடுப்பாள். மறுநாள் அந்தப் பாதியோடு வந்தால் பதில். பெயரில்லை, போன் நம்பரில்லை, கேமரா இல்லை. நம்பராவது வாங்கி வையுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்பர் கேட்டால் ஈ காக்கைகூட வராது என்று அவள் ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தாள்.

போதாக்குறைக்கு, உள்ளே வரும் கையையும் பார்ப்பதில்லை என்று தனக்குத் தானே ஒரு விரதம் வைத்துக்கொண்டாள். மோதிரமும் தழும்பும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கணக்கு. மாத்திரையைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, காகிதக் கீற்றை நனைத்து, கோடு எண்ணுவாள். இரண்டு கோடு வந்தால் பிழைத்தோம். ஒற்றைக் கோடு என்றால் மூச்சை நிறுத்துகிற சரக்கு அதில் இருக்கிறது. அதனால் வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கோட்டக்கா.

வீட்டில் அந்தப் பெயருக்கு மரியாதை கிடையாது. கோட்டக்காவின் புருஷன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வாயில் நுரை தள்ளியவர்களை வருஷக்கணக்காக அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடியவர். கொள்ளிக்கட்டையைக் கொடுத்துவிட்டுச் சூடா இல்லையா என்று பார்த்தும் சொல்கிறீர்களா என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் ஒரு பாட்டம் பொரிவார். அவளும் விட மாட்டாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு விஷயத்தில் இருவரும் முட்டிக்கொண்டதே இல்லை. ஓட்டுநர் சங்கம் அவரைத்தான் நகர சபையில் எதிர்த்துப் பேசத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜன்னல் தொடர வேண்டுமா, மூட வேண்டுமா என்பது திங்கட்கிழமை முடிவாகும்.

அதற்கு முந்தைய புதன்கிழமை வந்தது இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன். வெளிர் நீல மாத்திரை, நடுவில் ஒரு கீறல். தூக்கத்தை விரட்ட என்று டிக். கீற்றை எடுத்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடு. மறுபடியும் கரைத்தாள், மறுபடியும் அதே கோடு. தூங்காமல் இருக்க விழுங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். உடனே வாசல் பலகையில் மாத்திரையின் நிறத்தையும் கீறலையும் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தாள். பாதி டோக்கனோடு ஆள் வரட்டும் என்று உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்தவனிடம் மிச்சம் இருக்காதா? அவனை எங்கே போய்த் தேடுவது? யாரும் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி அவளேதான் எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே திட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல், இன்றைக்கு யாராவது மூச்சடங்கிப் போனார்களா என்று புருஷனிடம் கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

சனிக்கிழமை காலையில் அவருடைய சீருடையைத் துவைக்கப் போடும்போது வழக்கம்போலப் பையைத் துழாவினாள். எப்போதும் கையுறை, பஞ்சு, மூடியில்லாத பேனா என்று ஏதாவது கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது அரை டோக்கன். இருநூற்றுப் பன்னிரண்டு.

கொஞ்ச நேரம் அது என்னவென்றே அவளுக்கு உறைக்கவில்லை. யாரோ நோயாளியின் பையிலிருந்து விழுந்ததாக இருக்கும் என்று மனசு ஒரு சாக்கு சொன்னது. அடுத்த நொடியே, ராத்திரி வேலையிலிருந்து வந்து படுத்தவர் நான்கு மணி நேரமாக அசையவில்லை என்பது நினைவுக்கு வந்தது. துணியைப் போட்டது போட்டபடி ஓடினாள். குப்புறப் படுத்திருந்தார். முதுகில் கையை வைத்தாள். முதுகு ஏறி இறங்கியது. அது மறுபடி ஏறும் வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. பிறகுதான் உலுக்கி எழுப்பி டோக்கனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மிச்சம் எங்கங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பலகையில் சிவப்பெழுத்தைப் பார்த்த அன்றைக்கே மிச்சம் மூன்றையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். ஆள் பற்றாக்குறையில் இரட்டை ஷிஃப்ட் ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வருஷமாக இந்தப் பழக்கமாம். வழக்கமாக விற்கிறவன் கண்ணில் படவில்லை. புதியவனிடம் வாங்கியதால் சந்தேகம் வந்ததாம். சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல அவர் சொல்லிக்கொண்டே போனார். இந்த இரண்டு வருஷமும் ஒரே கட்டிலில் படுத்த மனிதரா இவர் என்று இருந்தது அவளுக்கு.

"உள்ள நான்தான் இருப்பேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். நீ கையைக்கூடப் பாக்க மாட்டேன்னும் தெரியும். அதான் தைரியமா வந்தேன்."

தாலி கட்டிய கை. அது அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணெதிரே நீண்டிருக்கிறது, அவள் பார்க்கவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் திங்கட்கிழமை என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள்.

"பேச வேண்டியதைத்தான். திடீர்னு மாத்திப் பேசினா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லுவேன்? லைசென்ஸ் போயிடும்மா."

திங்கட்கிழமை சபை நிரம்பி வழிந்தது. முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எத்தனை மாத்திரை, எத்தனை ஒற்றைக் கோடு என்று படித்தாள். தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த ஜன்னலால் ஒரு உயிராவது பிழைத்ததற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார். அத்தாட்சி மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், கைகட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் ஜன்னல் பிழைக்கும். சொல்லிவிட்டால் அப்புறம் எந்த நம்பிக்கையில் எந்தக் கை அதற்குள் வரும்? அவர் வேலையும் போகும்.

"ஒருத்தர் பிழைச்சிருக்கார்," என்றாள்.

"யாரு அது?"

"எங்ககிட்ட பேர் கிடையாதுங்க."

சபையில் ஒரே சிரிப்பு. அவள் புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அவர் முறை. கடைசி நிமிஷத்திலாவது தடுமாறுவார் என்று அவள் நம்பினாள். அவர் வெளுத்து வாங்கினார். இன்றைக்குப் போதைக்கு ஜன்னல், நாளைக்கு உடம்பை விற்கிற விடுதிக்கும் உரிமம், அப்புறம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து கடை போடுவார்கள் என்றார். தான் சுமந்த பிணங்களைப் பற்றிச் சொன்னபோது குரல் நிஜமாகவே உடைந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவ்வளவும் மனசார வந்த பேச்சு என்பதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜன்னலை மூடினார்கள். சாயங்காலத்துக்குள் நான்கு ஆணி அடித்து ஒரு பலகையால் அடைத்தாயிற்று. கீற்றுகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் சீருடையில் வந்து நின்றார், இரட்டை ஷிஃப்ட் என்றார். மடித்த காகிதம் ஒன்றை மேடைமேல் வைத்துப் பிரித்தார். இரண்டு வெள்ளை மாத்திரைகள்.

"இது வேற ஒருத்தன்கிட்ட வாங்கினது. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். "மூடியாச்சு. நீங்கதானே பேசினீங்க."

"அது சரி," என்றார் அவர். மாத்திரைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இனிமே நான் எங்க கொண்டு போறது?"