எட்டு சதவீதமும் ஈர சாக்ஸும்

என் கணவர் செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். வித்தியாசம், எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு. பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் நான். யார் முதலில் போவது, யார் எவ்வளவு நேரம் நாற்காலியை அடைத்துக்கொள்வது, வீங்கிய கன்னத்தோடு ஓடி வருகிறவரை எப்படி நடுவில் நுழைப்பது என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து. அவர் இதையே கம்ப்யூட்டருக்குள் செய்கிறார். ஒரே சமயத்தில் நூறு புரோகிராம் வந்து நின்றால் எதை எப்போது ஓட விடுவது என்று தீர்மானிக்கிற பகுதி, கம்ப்யூட்டரையே இயக்குகிற கெர்னல் என்பதன் அடிவயிற்றில் இருக்கிறதாம். அந்தக் கெர்னல் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏற்றுக்கொள்வது மட்டும் கத்தரிக்கோல் கையில்.

கத்தரிக்கோல் என்பது அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு என் கணவர் வைத்த பெயர். நேரில் பார்த்ததே கிடையாது. ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர் மாய்ந்து மாய்ந்து எழுதி அனுப்புவார். "அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரே வரியில் அவர் நறுக்கிவிடுவார். மூன்று வருடம் இப்படியே போனது. இவருடைய அண்ணன், அதாவது என் மகனுக்குப் பெரியப்பா, வரும்போதெல்லாம், "காசும் தரமாட்டேங்கிறான், பேரும் தரமாட்டேங்கிறான். அவனுக்கு எதுக்குடா உழைக்கிற?" என்று கேட்பார். எனக்கும் அதே கேள்வி உண்டு. ஆனால் அதை நான் கேட்கலாம், அவர் கேட்கக் கூடாது.

கடைசியாக அனுப்பியதை இவர் அளந்தே அனுப்பினார். பழையதைவிட எட்டு சதவீதம் வேகம். எங்கேயோ இருக்கிற இரண்டு பேர், தங்கள் கம்ப்யூட்டரிலும் வேகம் கூடுகிற மாதிரித்தான் தெரிகிறது என்று ஒத்து ஊதினார்கள். கத்தரிக்கோல், "சேர்த்துவிட்டேன்" என்று பதில் போட்டார். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மகனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவன் ஏழாம் வகுப்பு படிக்கிறவன். இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். மாடிப்படி ஏறிய வியர்வையோடு உட்கார்ந்து, "எங்க, அந்த எட்டைக் கண்ணால காட்டு" என்றார். நான் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். என் கணவர் பழைய கெர்னலை ஓட்டினார், புதியதை ஓட்டினார். இரண்டும் ஒரே வேகம்.

"எட்டு எங்கடா?"

"இருங்கண்ணே, கொஞ்சம் சூடு பிடிக்கணும்."

மறுபடி ஓட்டினார். சூடு பிடித்ததே தவிர எட்டு வரவில்லை. அவர் காது சிவந்துபோனது. அதற்குள் பெரியப்பாவுக்கு போன் வர, பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். நான் ஃபேனை அதன் வழக்கமான பக்கத்துக்குத் திருப்பினேன். மழை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் துணி காய்வதில்லை. கம்ப்யூட்டர் பின்பக்கமாக அனல் விடும், அதனால் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, மகனின் ஸ்கூல் சாக்ஸைத் தொங்கவிட்டு, ஃபேனையும் அதற்கு நேராக வைத்துவிடுவேன். அந்த இயந்திரத்தால் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

"வந்துருச்சுண்ணே" என்றார் என் கணவர். புதியதை மட்டும் இன்னொரு தடவை ஓட்டியதில் எட்டு வந்திருந்தது.

பெரியப்பா வந்து குனிந்து பார்த்தார். தம்பியின் தோளைத் தட்டினார். "பரவால்லடா. நான்தான் புரியாமப் பேசிட்டேன்." என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஃபேனின் தலையில் கை வைத்தபடி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் மாதிரி நின்றேன். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பெரியப்பா படியிறங்கியதும், "என்னங்க, ஃபேன் இப்படியே இருக்கட்டும். அந்தப் பழசை ஒரு தடவ ஓட்டுங்க" என்றேன்.

ஓட்டினார். பழையதும் எட்டு சதவீதம் கூடுதலாக ஓடியது. நாற்காலியைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூடு ஏறினா கம்ப்யூட்டர் தானாவே வேகத்தக் குறைச்சுக்கும்" என்றார் மெதுவாக. "பழசை அளந்தது மழைக்கு முன்னாடி. புதுச அளந்தப்போ உன் ஃபேன் காத்து இது மேல அடிச்சிருக்கு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கு."

"யாருக்குங்க தெரியும்? விட்டுடுங்க. அந்த ரெண்டு பேருந்தான் கூடுதுன்னாங்களே."

"அவங்க வீட்லயும் துணி காஞ்சுதோ என்னவோ." என் பக்கம் திரும்பினார். "டோக்கனை மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா நீ விட்டுடுவியா?"

விடமாட்டேன். அவர் மெயில் எழுத உட்கார்ந்தார், நான் பின்னால் நின்று படித்தேன்.

"சாக்ஸ்னு எழுதணுமா? காத்துன்னு எழுதுங்க. மானம் போகுது."

"காரணத்த முழுசா எழுதணும். அரைகுறையா எழுதினா அந்தாளு ஒத்துக்கமாட்டாரு."

மறுநாள் கத்தரிக்கோலின் பதில் வந்தது. "நீக்கிவிட்டேன். காரணம் தெளிவாக இருக்கிறது. சாக்ஸ் காய்ந்ததா?"

என் கணவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நீக்கியதற்கான பதிவில், இவர் பெயருக்குக் கீழே, 'பிழையைக் கண்டு சொன்னவர்' என்று ஒரு வரி. அதில் என் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. எழுதிக் கொடுத்தது இவர்தான்.

"இத அழிச்சிடலாமா?"

"முடியாது. சேர்த்ததும் இருக்கும், எடுத்ததும் இருக்கும். கெர்னல் இருக்கிறவரைக்கும் இருக்கும்."

மூன்று வருடம் அவர் தவம் கிடந்த வாசலில் நான் துணி காயப்போட்டே உள்ளே போய்விட்டேன். பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார். அவர் குரல் பக்கத்து அறைவரை கேட்கும். "என்னடா, பேரு வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே" என்றார் என் கணவர். "ரெண்டு பேரு பேரும் வந்திருக்கு. தப்புப் பண்ணது நான், கண்டுபிடிச்சது இவ."

சொன்னவர் குரலில் என்னைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.