கேட்கக் கூடாத தண்ணீர்

“குடிக்கத் தண்ணி குடுங்கம்மா!”

எல்லார் காதிலும் விழும்படி சந்திரகலா கேட்டாள். பக்கத்தில் நின்ற தேசப்பனுக்கு முகம் செத்துவிட்டது. படகிலேயே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: “மீனு கேளுங்க, நண்டு கேளுங்க கலாம்மா. எங்க ஊட்ல தண்ணி மட்டும் கேட்டுடாதீங்க.”

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஆணிக் கம்பெனியில் அவன் பேக்கிங் ஆள், அவள் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர், காமிராவும் கையுமாக, பழவேற்காடு ஏரிக்குள் இருந்த அவனுடைய தீவைச் சுற்றிப்பார்க்க வந்திருந்தார்கள்.

தண்ணீர் கேட்காதே என்றால் சந்திரகலாவுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். திருவாலங்காட்டில் அவள் அப்பா, களத்து வேலைக்கு வந்தவர்கள் கையில் எட்ட நின்று தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவள். மீன்பிடிக்கிறவன் வீட்டுச் சொம்பை இந்த ஆபீஸ்காரர்கள் தொடமாட்டார்கள் என்றுதான் தேசப்பன் கூசுகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். குடும்பத்தின் முதல் பி.ஏ. வேறு. சும்மா விடுவாளா?

தேசப்பனின் அம்மா மணியம்மாள் சொம்பு நிறைய மொண்டு வந்தாள். சந்திரகலா வாய்வைத்தே குடித்தாள். குடித்துவிட்டு மானேஜர் லோகநாதனிடம் நீட்டினாள்.

“நீங்களும் குடிங்க சார். ஒண்ணும் ஒட்டிக்காது.”

“நான் இன்னா வாணாம்னா சொன்னேன்?” அவர் குடித்தார், மிச்சத்தில் முகம் கழுவினார். “அட, இனிக்குதே!”

அப்புறம் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் கால் மணலைக்கூட அலசிக்கொண்டார். மணியம்மாள் முகம் சுளிக்காமல் மொண்டு மொண்டு கொடுத்தாள். சந்திரகலாவுக்கோ ஜெயித்துவிட்ட பூரிப்பு.

உள்ளே குடத்தடியில் சொம்பு உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இரண்டு குடமும் காலி.

“கெணறு எங்கம்மா? நான் மொண்டாறேன்.”

“கெணறா? இங்க எங்க தோண்டுனாலும் உப்பு கண்ணு. பழவேற்காட்ல புடிச்சி படகுல கொண்டாறோம். இனி புதங்கெழமதான் தண்ணிப் படகு.”

“அதுவரிக்கும்?”

மணியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சந்திரகலா தேசப்பன் பக்கம் திரும்பினாள். அப்போதும் கோபம்தான் முந்தியது. “இதுக்குத்தான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“வர்ற விருந்தாளி கைல, எங்கூட்ல தண்ணி இல்லன்னு எப்டிம்மா சொல்றது? கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டோம். அதான் கேக்காதீங்கன்னேன்.”

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவளுக்குத் தெரியாததா! சாதியை ஒழிக்கக் கிளம்பி, ஒரு வீட்டின் மூன்று நாள் தண்ணீரை ஊரார் காலில் ஊற்றிவிட்டாள். அந்த அம்மாள் திட்டியிருந்தாலாவது தேவலை.

வெளியே லோகநாதன் கத்தினார். “கலா, படகு கெளம்புது! அக்கரைல வேன் உனக்காக நின்னுக்கினு இருக்காது!”

“நான் வேன்ல வரல சார். இந்தக் குடத்த ரொப்பிக்கினு இதே படகுல திரும்பி வரணும்.”

“குடத்துக்கெல்லாம் படகுல ஏது எடம்? பேஜாரு பண்ணாதே.”

“எடம் இல்லன்னா ரெண்டு பேரு எறங்குங்க.”

“வாணாம் கண்ணு,” என்று மணியம்மாள் தடுத்தாள்.

சந்திரகலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு குடத்தை இடுப்பில் வைத்தாள், இன்னொன்றைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினாள், வாசலைத் தாண்டிப் படகை நோக்கி நடந்தாள்.