நனையாத எவெலியோ

நாலு சொட்டு விழுந்தால் போதும், பொகோதா நகரத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் எண்பதாம் தெரு மேம்பாலத்தடியில் வந்து ஒதுங்கிக்கொள்வார்கள். பாதித் தெரு அடைபட, பின்னால் வரும் கார்க்காரர்கள் எங்கள் அம்மாக்களையெல்லாம் பெயர் தெரியாமலே நலம் விசாரிப்பார்கள். எனக்கென்ன, நான் அங்கே தள்ளுவண்டியில் கடுங்காப்பி விற்கிறவள். மழைதான் எனக்கு முதலாளி.

லிஃப்ட் பழுதுபார்க்கும் எவெலியோவும், பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து தன் பைக்கில் வீடு திரும்பும் மரிசெலும் அங்கேதான் பழக்கமானார்கள். ஒரு குவளைக் காப்பியை அவன் முக்கால் மணி நேரம் குடிப்பான். தோத்தா ஏரியைப் பார்க்க ஆசை, ஆனால் அந்த மலைக்குளிரில் பைக்கில் போனால் விரல் விறைத்துவிடும் என்று ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள். பயலுக்கு அது போதாதா?

மறுவாரமே அவன் பைக்குக்கு நெஞ்சுயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வந்தது. சூடேறும் கைப்பிடி, அதன்மேல் ரப்பர் உறை, காலுக்கு மறைப்பு, பனிக்கு மஞ்சள் விளக்கு, இரண்டு பக்கமும் தண்ணீர் புகாத பைகள். தலை முதல் கால் வரை அவனுக்கும் கறுப்பு ரெயின்கோட்.

"இனி ஆலங்கட்டி மழை பேஞ்சாலும் நிக்க வேண்டாம், அக்கா."

"ஒரு ஜன்னலும் வெச்சிடு தம்பி, வாடகைக்கு விடலாம்."

"கிண்டல் பண்ணாதீங்க. எல்லாம் மரிசெலை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான்."

"அவகிட்ட கேட்டியா?"

"முதல்ல மழையில ஓட்டிப் பார்த்துடறேனே."

ஓட்டிப் பார்த்தான், மூன்று வாரம். மழையில் எங்களைக் கடந்து ஹாரன் அடித்துக் கையாட்டிக்கொண்டே போவான். நனையவில்லை, அதனால் நிற்கவும் இல்லை. இப்படி ஒரு புத்திசாலியை நான் கண்டதில்லை.

"அந்த லிஃப்ட்காரர் ஊரை விட்டுப் போயிட்டாரா, அக்கா?" என்று மரிசெல் கேட்டாள். "திங்கள்லேருந்து எனக்கு வேற கிளினிக். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ஹாரன் அடிக்கிறவன் அவன்தான் என்பதை அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை காப்பிக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அட மண்டு! வெள்ளிக்கிழமையோட அவ போறா. உன் ரப்பரை நீயே கட்டிக்கிட்டு அழு!"

வெள்ளிக்கிழமை மாலை மழை கொட்டியது. எவெலியோ வந்து நின்றான். கூட்டம் சிரித்தது. அவன் வாய் திறப்பதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"பாலத்தடியில ஒதுங்கக் கூடாது! ரெயின்கோட் போடறவங்க போட்டுட்டுக் கிளம்புங்க!"

எல்லோரும் மனமில்லாமல் ரெயின்கோட்டைப் பிரித்தார்கள். மரிசெலும் ஒரு கையை நுழைத்தாள். போலீஸ்காரர் எவெலியோவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் எல்லாம் மாட்டியிருக்கீங்களே. வண்டி ரிப்பேரா?"

"இல்ல, சார்."

"பின்ன எதுக்கு நின்னீங்க?"

எவெலியோ ஹெல்மெட்டைக் கழற்றினான். காது சிவந்திருந்தது.

"அவங்களைப் பார்க்க."

மரிசெல் அப்படியே நின்றுவிட்டாள். "நீங்களா? தினமும் ஹாரன் அடிச்சிட்டுப் போன பூதம் நீங்களா? எவனோ வம்புக்காரன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே!"

"ஞாயித்துக்கிழமை தோத்தா ஏரிக்குப் போலாமா? குளிராது. கைப்பிடி சூடா இருக்கும்."

"அது ஓட்டறவருக்கு. பின்னாடி உட்கார்றவ விரலுக்கு?"

பாவம், மூன்று வாரத்தில் பின்சீட்டைப் பற்றி ஒரு நொடிகூட அவன் நினைக்கவில்லை. பாலமே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

"பதில் சொல்லிட்டுக் கிளம்புங்க, ரோடு அடைஞ்சிருக்கு," என்றார் போலீஸ்காரர்.

எவெலியோ சாவியை உருவி அவளிடம் நீட்டினான்.

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உட்கார்றேன்."

மரிசெல் ரெயின்கோட்டில் இன்னொரு கையையும் நுழைத்துக்கொண்டாள்.

"காலைல அஞ்சு மணி. போக வர ரெண்டுக்கும் நான்தான் ஓட்டுவேன்."